கதிர் பத்தா, பதினைந்தா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், பாளையங்கோட்டைச் சந்தைக்கு அருகே பூ விற்கும் ஆச்சி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து 23 காசுகளை என் முன்னே கொட்டினார். அனைத்தும் 10 ரூபாய்க் காசுகள். பல நாள்களாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. மளிகைக் கடையில் வாங்கவில்லை. பேருந்தில் நடத்துநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியாகப் போன கடையில் இருந்த இளைஞர் ஒருவர் காசைத் திருப்பிப் பார்த்து, "ஆச்சி, இதுல கோடு பதினஞ்சு இருக்கு. பத்துக் கோடு இருந்தாத்தான் நல்ல காசு" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். 230 ரூபாய் என்பது மறுநாள் காலையில் அவர் பூ வாங்குவதற்கான முதல்.

நாணயங்களைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவற்றில் 14 காசுகளில் 15 கதிர்கள் இருந்தன. மற்ற 9 காசுகளில் 10 கதிர்கள். இருபத்து மூன்றும் நல்ல காசுகளே. "எய்யா, எல்லாம் நல்ல காசுதானா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "பின்ன ஏன்யா வாங்க மாட்டேங்கான்?" என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. இக்கட்டுரை அதற்கான விடை.

ஒரே மதிப்புள்ள இரு காசுகளுக்கிடையே ஒரு சிறு வேறுபாடு இருந்தால், நாணயம் சேகரிப்பவர் மகிழ்கிறார், கடைக்காரர் அஞ்சுகிறார். இருவரும் பார்ப்பது ஒன்றையேதான். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது ஒருவருக்குத் தெரியும். மற்றவருக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத இடத்தில் வதந்தி நுழைந்து, ஏழையின் முந்தானையில் இருந்த பணத்தைச் செல்லாக் காசாக்கியது.

காசு பிறக்கும் விதம்

காசு என்பது இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே ஓர் உலோக வில்லையை வைத்து ஓங்கி அழுத்துவதால் பிறப்பது. 'பூவா, தலையா' என்று நாம் சுண்டிப் பார்க்கும் இரு பக்கங்களுக்கும் தனித்தனி அச்சு உண்டு. அச்சில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் இருக்கும். காசில் அது மேடாகவும் நேராகவும் விழும். ஓர் அச்சு என்றென்றும் உழைப்பதில்லை. பல்லாயிரம், சில வேளை பல லட்சம் காசுகளை அடித்தபின் தேய்ந்தோ விரிசல் விட்டோ ஓய்வு பெறும். நாடு முழுவதற்கும் கோடிக்கணக்கில் காசு வேண்டுமென்றால் ஒரே வடிவத்துக்குப் பல அச்சுகள் தேவை.

அந்த அச்சுகள் ஒன்றுபோலவே அமையத்தான் நாணயச்சாலைகள் முயல்கின்றன. முதலில் மேடான உருவம் கொண்ட ஒரு மூல உருவைச் செதுக்கி, அதை மென்மையான எஃகின்மேல் அழுத்தி அச்சுகளை எடுக்கிறார்கள். பின்னர் அந்த அச்சைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்குகிறார்கள். மூல உருவை இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்து, இரண்டாம் முறை அது ஒரு மயிரிழை விலகிவிட்டால், எழுத்துகள் அச்சிலேயே இரட்டையாகப் பதிந்துவிடும். அந்த அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு காசிலும் எழுத்து இரட்டையாகத்தான் தெரியும். அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955-இல் அடித்த ஒரு சென்ட் காசு இதற்கு உலகப் புகழ் பெற்ற சான்று. அதில் ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். அதைப் போலி என்று அங்கே எவரும் ஒதுக்கவில்லை; தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

இங்கே மூன்று வகைகளைப் பிரித்து அறிவது நல்லது. முதலாவது, வடிவ மாற்றம். அரசே முடிவெடுத்துப் புதிய வடிவத்தை வெளியிடுவது. 15 கதிர்கள் 10 ஆனது இவ்வகை. இரண்டாவது, அச்சு வேறுபாடு. வடிவம் ஒன்றே, ஆனால் ஓர் அச்சுக்கும் இன்னோர் அச்சுக்கும் நுட்பமான வித்தியாசம். ஆண்டின் எண்கள் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது, நாணயச்சாலைக் குறி சற்று இடம்பெயர்ந்து நிற்பது, எழுத்து இரட்டிப்பது ஆகியன இவ்வகை. அச்சில் விரிசல் விட்டால் அந்தப் பிளவில் உலோகம் புகுந்து, காசின்மேல் மெல்லிய மேட்டுக் கோடாக விழும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வில்லை விழாமல் அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டால், ஒரு பக்கத்து உருவத்தின் நிழல் மறுபக்கத்து அச்சில் ஏறிவிடும். இவையெல்லாம் அந்த அச்சு உயிரோடு இருக்கும் வரை மீண்டும் மீண்டும் வரும்.

மூன்றாவது, அடிப்புப் பிழை. வில்லை விலகி நின்று உருவம் ஓரமாக விழுவது, அழுத்தம் குறைந்து மங்கலாக விழுவது போன்றவை. இது அந்த ஒரு காசின் விபத்து. அடிக்கும்போது அச்சு சற்று ஆடியதால் எழுத்தின் ஓரத்தில் தட்டையான படிபோல ஒரு நிழல் தெரிவதும் இதில் சேரும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் இதைத்தான் இரட்டை அச்சு என்று நினைத்து ஏமாறுவார். நானும் தொடக்கத்தில் அப்படி ஏமாந்து, ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்.

இந்த மூன்றிலும் போலிக்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றும் அரசின் நாணயச்சாலைக்குள் நிகழ்பவை.

நாணயச்சாலைகள் தங்கள் விற்பனைக்கென்று தனியாக அடிக்கும் தொகுப்புகளை வாங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய வில்லையில் அடித்த காசுகள் அவை, கண்ணாடிபோல் மின்னும். மும்பையில் அடித்த சாதாரணக் காசில் ஆண்டின் கீழே வைர வடிவக் குறி இருக்கும். அதே சாலையின் மெருகுத் தொகுப்பில் ஆங்கில 'எம்' எழுத்து இருக்கும். ஊரின் பெயர் பம்பாய் என்றிருந்த காலத்தில் அது 'பி'. அச்சை மெருகேற்றும்போது மிக மெல்லிய கோடுகள் சில மறைந்துவிடுவதும் உண்டு. தொகுப்பில் உள்ள காசையும் சட்டைப்பையில் உள்ள காசையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி.

சட்டைப்பையில் ஒரு வரைபடம்

இந்தியாவில் நான்கு நாணயச்சாலைகள் இயங்குகின்றன. ஆண்டு எண்ணின் கீழே பாருங்கள். வைரம் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. நொய்டா நான்கிலும் இளையது. அங்கே 1988-இல்தான் காசு அடிக்கத் தொடங்கினார்கள்.

சில காசுகள் கடல் கடந்தும் வந்தன. நம் சாலைகளால் தேவையை ஈடுகட்ட முடியாத காலங்களில் அரசு வெளிநாடுகளில் காசு அடித்து வாங்கியது. 1985-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய்க் காசு சிலவற்றில் ஆண்டின் கீழே ஆங்கில 'எச்' எழுத்து இருக்கும். அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் சாலையின் குறி. 1990-களின் இறுதியில் வந்த காசுகளில் 'எம்' எழுத்தின் மேல் ஒரு சிறு வட்டம் இருந்தால் அது மெக்சிகோ. 'எம்கே' என்றிருந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிகா. நம் ஊர்த் தேநீர்க் கடையின் கல்லாவில் ஐரோப்பாவும் அமெரிக்கக் கண்டமும் வந்துபோன கதை இது. அக்காசுகளை அன்று யாரும் குறி பார்த்து மறுக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

காசின் உலோகத்திலும் வரலாறு உண்டு. குறுக்குத்துறையிலும் பாபநாசத்திலும் தாமிரபரணியில் நீராடுவோர் காசு போடுவது வழக்கம். கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் எறிந்து அந்தக் காசுகளை எடுக்கும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறேன். காந்தத்தில் ஒட்டி வருபவை இரும்பும் குரோமியமும் கலந்த துருப்பிடிக்காத எஃகுக் காசுகள். 1988 முதல் சிறு மதிப்புக் காசுகளும், 1992 முதல் ஒரு ரூபாயும் அந்த உலோகத்துக்கு மாறின. அதற்கு முந்தைய செம்பு - நிக்கல் காசுகளைக் காந்தம் தொடாது. அவற்றை மூழ்கித்தான் எடுக்க வேண்டும். ஆற்றங்கரைச் சிறுவர்களுக்கு இந்திய நாணய உலோகங்களின் வரலாறு புத்தகமின்றியே தெரியும்.

அக்கசாலையும் வண்ணக்கனும்

இதே ஆற்றின் கழிமுகத்தருகே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது கொற்கை. பாண்டியரின் பழம்பெருந்துறைமுகம். கடல் பின்வாங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதன் அருகே அக்கசாலை என்ற பெயரில் ஒரு சிற்றூர் உண்டு. அக்கசாலை என்றால் பொற்பணி நடக்கும் இடம், காசு அடிக்கும் இடம் என்று பொருள். 1870-களில் கொற்கையில் ஆய்வு செய்த பிஷப் கால்டுவெல், பாண்டியரின் நாணயச்சாலை இருந்த இடம் என்று அப்பெயரைக் கொண்டு கருதினார். சாலை மறைந்தாலும் அதன் பெயர் ஊராக நிற்கிறது.

அக்காலத்து அச்சு கையால் வெட்டியது. ஒரே கம்மியர் வெட்டினாலும் இரண்டு அச்சுகள் ஒன்றுபோல் அமையா. மீனின் வால் ஒன்றில் அகன்றிருக்கும், மற்றொன்றில் குறுகியிருக்கும். எழுத்து ஒன்றில் சாயும், ஒன்றில் நிமிரும். 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சங்க காலச் செப்புக் காசுகளை அடையாளம் கண்டு உலகறியச் செய்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி. ஒருபுறம் குதிரையும் எழுத்தும், மறுபுறம் மீனின் கோட்டுருவமும் கொண்ட சதுரக் காசுகள் அவை. பிற்காலப் பாண்டியரின் செப்புக் காசுகளில் 'சோணாடு கொண்டான்', 'எல்லாந் தலையானான்' போன்ற பட்டப்பெயர்கள் தமிழில் வருகின்றன. இந்தச் சீமையில் கிடைத்த காசுகளைத் தொகுத்து விளக்கி, 'திருநெல்வேலிக் காசுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கிலச் சிறுநூலை 1888-இல் சென்னையில் வெளியிட்டார் லோவென்தால் என்ற டேனிஷ் பாதிரியார். ஒரு மாவட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி நாணய நூல் ஒன்று அன்றே வந்தது என்பது நெல்லைக்காரர்கள் பலரும் அறியாத பெருமை.

கைவெட்டு அச்சுகளின் வேறுபாடுகள் ஆய்வாளருக்குப் பெரும் செல்வம். இரண்டு ஊர்களில் கிடைத்த காசுகள் ஒரே அச்சில் விழுந்தவை என்று தெரிந்தால் அவ்வூர்களுக்கிடையே பணம் பயணப்பட்டதற்குச் சான்று கிடைத்துவிடும். கிடைத்த காசுகளில் எத்தனை அச்சுகள் தெரிகின்றன என்று எண்ணி, அந்த அரசன் ஏறத்தாழ எவ்வளவு பணம் வெளியிட்டான் என்று கணிக்கும் முறையும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. கல்வெட்டு சொல்லாத கணக்கை மீனின் வால் சொல்லும்.

ஒரு காசு மற்றொன்றைப் போல் இல்லாத அந்தக் காலத்தில் மக்கள் காசை எப்படி நம்பினார்கள்? எடை பார்த்தார்கள், உலோகம் பார்த்தார்கள், பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்தார்கள். பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவருக்கு 'வண்ணக்கன்' என்று பெயர். சங்கப் புலவர் ஒருவரின் பெயரே புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான். காசைப் பார்க்கத் தெரிவது அன்று மதிப்புக்குரிய ஒரு தொழில். எல்லாக் காசும் ஒன்றுபோல் வரும் இயந்திர யுகத்தில் அந்தத் தொழில் தேவையற்றுப் போனது. கூடவே, பார்க்கும் வழக்கமும் போனது. ஒன்றுபோல் இருப்பதே நம்பிக்கைக்கு ஆதாரம் என்று பழகிய கண், சிறிது மாறினாலும் மருள்கிறது.

கனி எண்ணியவர்களும் பன்றி கண்டவர்களும்

கோடு எண்ணுவது நமக்குப் புதிது. ஆனால் நாணய உலகுக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1840 என்று ஆண்டு பொறித்து வெளியிட்ட வெள்ளி ரூபாயில் அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டு மாறவே இல்லை. அதன் பின்புறத்தில் உள்ள இலை வளையத்தில் சிறு கனிகள் இருக்கும். ஓர் அச்சில் 19 கனிகள், ஒன்றில் 28, ஒன்றில் 35. சேகரிப்பாளர்கள் அந்தக் கனிகளை எண்ணித்தான் அக்காசுகளை வகைப்படுத்துகிறார்கள். அதற்கடுத்து வந்த 1862 ரூபாயிலும் 1874 வரை ஆண்டு அப்படியே நின்றது. ஆனால் பம்பாய்ச் சாலையின் ரூபாய்களில் ஆண்டின் அருகே சிறு சிறு புள்ளிகள் கூடிக்கொண்டே வந்தன. அடித்த ஆண்டைக் குறிக்கும் மறைகுறிகள் அவை என்று நாணயவியலாளர் பிரிட்மோர் முதலானோர் விளக்கினர். 1862 என்றே எழுதியிருக்கும் இரண்டு ரூபாய்களில் ஒன்று பத்து ஆண்டு இளையது என்று ஒரு புள்ளி சொல்லிவிடும்.

அச்சின் ஒரு சிறு கோடு ஆட்சியையே அசைத்த கதையும் உண்டு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் புதிய ரூபாய் வந்தது. மன்னர் அணிந்திருந்த பதக்கச் சங்கிலியில் ஒரு யானை. வெட்டியவிதத்தில் அந்த யானையின் துதிக்கை குட்டையாகி, பார்ப்போருக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பன்றியை விலக்கான விலங்காகக் கருதும் முஸ்லிம் மக்களிடையே காசுக்கு எதிர்ப்பு எழுந்தது. அரசு எஞ்சியிருந்த காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912 முதல் யானை யானையாகவே தெரியும்படி அச்சைத் திருத்தியது. 'பன்றி ரூபாய்' என்ற பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

அந்நிய அரசு அன்று தன் காசை மக்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்று கவனித்து அச்சையே மாற்றியது. இன்று நம் 10 ரூபாய்க் காசுக்கு நடந்தது என்ன?

வதந்தியின் பாதை

இரு உலோகங்களால் ஆன 10 ரூபாய்க் காசு 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. ரூபாய்க்கென்று தனிக் குறியீட்டை அரசு 2010 ஜூலையில் ஏற்றது. 2011-இல் அக்குறியீட்டுடன் காசுகள் வந்தன. குறியீடு வருவதற்கு முந்தைய வடிவத்தில் 15 கதிர்கள். குறியீட்டுடன் வந்த வடிவத்தில் 10. இடையே பல நினைவுக் காசுகளும் வெளியாயின. 'குறியீடு இருப்பதும் 10 கதிர் இருப்பதுமே நல்ல காசு. மற்றது போலி' என்று கைப்பேசிகளில் செய்தி பரவியது. ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில், குறியீடு உள்ளதும் இல்லாததும் செல்லும் என்று விளக்கியது. 2018 ஜனவரியில், இதுவரை 14 வடிவங்கள் வெளியாகியுள்ளன, எல்லாம் செல்லும் என்று அறிவித்தது. 2019-இலும் மீண்டும் சொன்னது. அதே ஆண்டில் வந்த புதிய வரிசையில் ஒளிக்கதிர் போய்த் தானியக்கதிர் வந்துவிட்டது.

சட்டமும் தெளிவானது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள காசுகள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும். ஆச்சியிடம் இருந்தது 230 ரூபாய்.

போலிக் காசே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. போலி அடித்தவர்கள் நாட்டில் பிடிபட்டதுண்டு. ஆனால் போலி தன்னைக் கதிர்களின் எண்ணிக்கையில் காட்டிக்கொள்ளாது. போலி செய்பவனும் எண்ணத் தெரிந்தவன்தானே. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருப்பது, சிங்கங்களின் பிடரி குழம்பிக் கிடப்பது, எடை குறைவது, இரண்டு உலோகங்களும் சேரும் விளிம்பு சீராக இல்லாதது ஆகியவையே பார்க்க வேண்டியவை. ஐயமற்ற ஒரு காசை அருகில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வெறுங்கண்ணே போதும்.

வேறுபாட்டின் மீதான அறியாமைக்கு இன்னொரு முகமும் உண்டு. கடைத்தெருவில் காசு செல்லாது என்று மறுப்பவர் ஒருபுறம் என்றால், 'உங்கள் வீட்டுப் பழைய காசு லட்சக்கணக்கில் விலைபோகும்' என்று ஆசை காட்டுபவர் மறுபுறம். முதலில் 'பதிவுக் கட்டணம்', பிறகு 'வரி', பிறகு 'தரகு' என்று பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். தான் அத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கி எச்சரித்தது. ஒரு காசு அரிதா என்பது அதன் வயதைப் பொறுத்ததன்று. அந்த அச்சில் எத்தனை விழுந்தன, எத்தனை எஞ்சின, எந்நிலையில் எஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அச்சு வேறுபாடுகளில் மிகப் பெரும்பான்மை முகமதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பெறாதவை. அதை அறிந்தும் சேர்ப்பவரே உண்மையான சேகரிப்பாளர்.

தொடங்க விரும்புவோருக்குச் சில சொற்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கண்ணாடி போதும். ஒரே ஆண்டின் காசுகளை நான்கு சாலைகளுக்கும் பிரித்து வையுங்கள். பின்னர் ஆண்டின் எண்களையும் குறியின் இடத்தையும் ஒப்பிடுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசில் அச்சின் சான்று அழிந்துவிடும். கம்பி வேலை செய்து காட்டும் 'அதிசயப் பிழை'களை வாங்காதீர்கள். நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம். மண்ணில் புதைந்து கிடந்த பழங்காசுகள் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை.

பார்க்கக் கற்பித்தல்

ரிசர்வ் வங்கி சொன்னது சரி, சொன்னவிதம் போதவில்லை. இணையத்தில் ஓர் அறிக்கை சந்தைப் பூக்காரருக்கு எட்டாது. வதந்தி படத்தோடு வந்தது. மறுப்பு வெறும் எழுத்தாக வந்தது. 14 வடிவங்களையும் இருபுறமும் பெரிதாக அச்சிட்டு, 'இவை அனைத்தும் செல்லும்' என்று தமிழில் எழுதிய ஒரு சுவரொட்டி, பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டப்பட்டிருந்தால் அந்த இளைஞரே ஆச்சிக்கு விளக்கியிருப்பார். வடிவத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும், காசு வரும் முன்னரே அதன் படம் மக்களிடம் வர வேண்டும். வங்கிக் கிளைகள் முகம் சுளிக்காமல் காசை வாங்க வேண்டும். வங்கி தயங்கும் காசைக் கடைக்காரர் நம்பமாட்டார்.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாண்டியரின் மீன் காசிலிருந்து இன்றைய 20 ரூபாய்க் காசு வரை, அச்சு என்றால் என்ன, வேறுபாடு எப்படி வருகிறது என்று காட்டும் ஒரு சிறு மேசை அங்கே அமைந்தால் பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்யலாம். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு காசு கொண்டுவந்து, எந்தச் சாலையில் அடித்தது என்று கண்டு, நாட்டு வரைபடத்தில் குறிப்பது. வரலாறும் உலோகவியலும் சட்டமும் ஒரு பாட வேளைக்குள் வந்துவிடும். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை தன் ஆச்சிக்கும் சொல்லும்.

அன்று அந்த 23 காசுகளையும் வாங்கிக்கொண்டு ஆச்சிக்கு நோட்டுகளாகக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அரிய வேறுபாடு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு காசில், சிங்கத்தின் தலைக்கு மேல் அச்சு விரிசலின் மெல்லிய கோடு ஓடியது. அதை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற 22 காசுகளையும் அடுத்த சில வாரங்களில் கடைகளில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். மறுத்த இடங்களில் நின்று, கதிர்களின் கதையைச் சொன்னேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர், "நீங்க சொல்றது சரிதான் அண்ணாச்சி, ஆனா எங்கிட்ட வாங்குறவன் கேக்கமாட்டானே" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவர் மட்டும் காசைப் பார்க்கக் கற்றால் போதாது. அடுத்தவரும் கற்றிருக்க வேண்டும்.